ஒன்பது வருட ஜோடி

ஆலாக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். கடற்கரைப் பறவை நிலையத்தில் இருபது வருடமாக ஆலாப் பறவைகளைக் கணக்கெடுக்கிறார், அதனால்தான் அந்தப் பெயர். "ஒன்பது வருஷமா ஒரே ஜோடி சார், பிரியவே இல்ல" என்று பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரைக்கூட விடமாட்டார்.

அந்த ஜோடியில் பெண்ணின் காலில் மஞ்சள் வளையம், ஆணின் காலில் நீல வளையம். முட்டையிடும் காலம் வந்தால் அவள் போன வருடத்து இடத்திலேயே வந்து உட்காருவாள். அவன் அலகில் மீனோடு இறங்கி, கழுத்தை நீட்டி, இறக்கையைத் தாழ்த்தி அவளைச் சுற்றி வருவான். மீன் பொடிசாக இருந்தால் அம்மணி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். வாங்கிக்கொண்டால் சம்பந்தம் முடிந்தது.

மறுநாள் நிலையத்து மேடம் பெரிய கூட்டமொன்றில் இந்த ஜோடியைப் பற்றித்தான் பேசப்போகிறார். "அப்படி என்னதான் ஜோடி, நானும் பாக்குறேன்" என்று ஆலாக்காரரின் மனைவி இருபது வருடத்தில் முதல்முறையாக அன்று படகேறி, மணல்திட்டில் அவர் மறைந்திருந்து பறவை பார்க்கும் பலகை அறைக்கு வந்திருந்தாள். தொலைநோக்கியில் வைத்த கண்ணை அவள் வெகுநேரம் எடுக்கவில்லை.

"மீன் கொண்டுவந்துட்டான். ஆனா நீலம்னு சொன்னீங்க, இது பச்சையா இருக்கே?"

"நீலம்தான். கண்ணாடியத் துடைச்சிட்டுப் பாரு." கூட்டிவந்த படகுக்காரர் பக்கத்தில் நிற்கிறாரே என்றுகூட யோசிக்காமல் ஆலாக்காரர் மேலும் எகிறினார். "எதுல மூக்கை நுழைக்கிறதுன்னு ஒரு விவஸ்தை வேணாமா?"

"கண்ணாடி மாத்தியே ரெண்டு மாசம் ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்து இடம் விட்டாள். படகுக்காரர் நாகரிகமாக வெளியே போய்விட்டார்.

ஆலாக்காரர் குனிந்து பார்த்தார். பச்சை. லென்ஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அதே பச்சை.

பழைய நோட்டுகளை இறக்கினார். முதல் ஆறு வருடம் ஆண் வந்த நேரம், மீனின் அளவு, எந்தக் காலில் வளையம் எல்லாம் விலாவாரியாக இருந்தன. அதற்குப் பிறகு மூன்று வருடமும் 'மஞ்சள், நீலம், அதே ஜோடி' மட்டும்தான். புழுக்கத்தில் குனிந்து குனிந்து முதுகு போயிருந்தது. மஞ்சள் கண்ணில் பட்டால் போதும், வேறு எவன் வரப்போகிறான் என்று நீலத்தையும் சேர்த்து எழுதிவிட்டு எழுந்துவிடுவார்.

"அப்போ அந்த நீலம் என்ன ஆச்சு?"

"தெரியல."

"செத்துப் போச்சா?"

"தெரியலன்னு சொல்றேன்ல."

அவள் மறுபடி தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். "அவன் வராம இவ எத்தனை நாள் இங்கயே உக்காந்திருந்தாளோ. நீங்க வந்துட்டான்னு எழுதிட்டீங்க."

ஆலாக்காரருக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. மேடத்துக்குப் போன் போட்டார்.

"மேடம், நாளைக்கு அந்த ஜோடியப் பத்திப் பேசாதீங்க."

"ஏன், என்னாச்சு?"

இந்த வருஷம்தான் ஆண் மாறிடுச்சு என்று சொன்னால் தீர்ந்தது. நுனி நாக்கு வரைக்கும் வந்தது அந்தப் பொய். மனைவி திரும்பாமலேயே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணு வருஷமா நான் ஆணப் பாக்காமலே எழுதிட்டேன் மேடம். இருந்த ஆண் எப்ப போச்சுன்னே தெரியல."

மேடம் மெதுவாகக் கேட்டார். "உங்க நோட்டுல மொத்தம் நாப்பது ஜோடி இருக்கு அண்ணே. மத்ததெல்லாம் பாத்துத்தான எழுதுனீங்க?"

ஆலாக்காரர் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தார். இன்றைய பக்கத்தில் நாற்பது வரியையும் படகு ஏறும் முன்பே நிரப்பி வைத்திருந்தார்.