மீன்தொட்டியில் விழுந்த கோடு

எனக்குப் பொறுமை கிடையாது. எம்.எஸ்சி. இயற்பியல் கடைசிப் பருவத்தில் அதுவே எனக்கு வினையாக வந்தது. விண்ணிலிருந்து விழும் துகள்களைக் கண்ணால் பார்க்க ஒரு மேகப்பெட்டி செய்து காட்டுகிறேன் என்று சாலோமி மேடத்திடம் சவடால் விட்டிருந்தேன். கவிழ்த்த மீன்தொட்டி, அதன் உச்சியில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு, அடியில் பேட்டைப் பட்டறையில் வெட்டிய அலுமினியத் தகடு. தகடு கடுங்குளிரில் இருந்தால் ஸ்பிரிட் ஆவி மூட்டமாக நிற்கும். துகள் போன வழியெல்லாம் வெள்ளைக் கோடு விழும். ஒரு மாதமாக ஒரு கோடும் விழவில்லை.

"இன்னைக்குச் சாயங்காலம் வந்து பாப்பேன். ஒண்ணும் தெரியலன்னா பி.எச்டி.க்கு வேற கைடைப் பாத்துக்கோ," என்றார் மேடம். எங்கள் துறையில் இந்த ஆராய்ச்சிக்கு வேறு கைடு கிடையாது.

குளிருக்குத் திரவ நைட்ரஜன் கொண்டுவந்தவன் என்னோடு படிக்கும் இசக்கிமுருகன். அவன் மாமா கால்நடை மருந்தகத்தில் வேலை பார்க்கிறார். மாடுகளுக்கான சினை ஊசி மருந்தை இந்த நைட்ரஜனில்தான் வைத்திருப்பார்களாம். "மாட்டுச் சாமானை வச்சு வானத்தப் பாக்கப் போறியளோ," என்று சிரித்தாராம். சிரிக்கட்டும்.

தகட்டுக்கடியில் ஊற்றினோம். விளக்கை அணைத்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தோம். மூட்டம் வந்தது, கோடு வரவில்லை. பஞ்சை இன்னும் நனைக்கலாம் என்று தொட்டியைத் தூக்கப் போனேன்.

"தொடாத அஸ்ஃபியா. ஒவ்வொரு தடவையும் நீ தூக்கித்தான் கெடுக்க. பைய இரு," என்றான் இசக்கிமுருகன்.

எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவன் சொன்னது உண்மை என்பதால் கூடுதலாகவே வந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு கோடு விழுந்தது, நூலிழை கணக்காக. அது மறையுமுன் இன்னொன்று, பிறகு குறுக்கே ஒன்று. எங்கோ உயரத்தில் பிறந்து, கூரையைத் துளைத்து, இசக்கிமுருகன் தலையையும் துளைத்து வந்தவை. அவன் தலைக்குள் எதுவும் நுழையும் என்று நான் நம்பியதில்லை. பிறந்த நாளிலிருந்தே இந்த மழையில் நனைந்துகொண்டிருந்திருக்கிறோம், ஒருவருக்கும் தெரியவில்லை. பயமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

மேடம் எப்போது உள்ளே வந்தார் என்று கவனிக்கவில்லை. தொட்டியின் மேல் குனிந்து நின்றார்.

"வருஷா வருஷம் போர்டுல வரைஞ்சு காட்டுதேன். கண்ணால இன்னைக்குத்தான் பாக்கேன்," என்றார்.

பி.எச்டி. விஷயத்தைக் கேட்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோனது. "மேடம், இங்கன பாருங்க, இது வளைஞ்சு போவுது," என்று காட்டினேன்.

அவர் கண்ணை எடுக்காமலேயே சொன்னார்: "விண்ணப்பத்துல கைடுன்னு என் பேரப் போடு. இப்ப கொஞ்சம் தள்ளி நில்லு, நீ வெளிச்சத்த மறைக்க."