ஒன்பது கைகள்

"இன்னொரு கையையும் நீட்டுங்கப்பா. மணி ரெண்டாகப் போகுது."

"மூணு மணிக்குத்தானே கூட்டம்? ஏன் இப்படிப் பறக்கறே?" என்றார் அப்பா. அந்த நாலு வார்த்தைக்கு நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

மகள் அவர் கையைச் சட்டைக்குள் நுழைத்து மறுபக்கம் இழுத்தாள். மூன்று வாரப் படுக்கையில் மனிதர் பாதியாகியிருந்தார். வாசலில் அவளுடைய கார் நின்றது. பின் சீட்டில் இரண்டு தலையணை போட்டிருந்தாள். சபை மண்டபத்துப் படிகளில் அவரை நாற்காலியோடு தூக்கிப்போக ஆள் சொல்லியாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், தன் ஓட்டை அடிக்கப் போகிற ஓட்டுக்குத்தான் அவள் இவ்வளவு மெனக்கெட்டாள். அப்பாவும் மகளும் ஒரே நகரசபையில் உறுப்பினர்கள். அவர் மூன்றாம் வார்டு, இருபத்தாறு வருஷம். அவள் ஏழாம் வார்டு, இரண்டே வருஷம். சபையில் அவருக்கு 'ஆட்சேபணை' என்று பட்டப்பெயர். எந்தத் தீர்மானம் வந்தாலும் எழுந்து நின்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் அவருக்குத் தொண்டை அடங்காது. வீட்டில் அம்மாகூடத் தட்டை வைத்துவிட்டு, "ஆட்சேபணை ஏதாவது உண்டா?" என்றுதான் கேட்பாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நகரசபையோடு இந்தச் சபையைச் சேர்த்து ஒன்றாக்கலாமா என்று அரசாங்க மேலிடம் கேட்டிருந்தது. பதில் சொல்ல இன்றுதான் கடைசி நாள். பதில் போகாவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. தலைவரைத் தவிர சபையில் பத்துப் பேர். ஐந்து பேர் சேரலாம் என்றார்கள், ஐந்து பேர் கூடாது என்றார்கள். சமமாக வந்தால் தலைவர் ஓட்டுப் போடுவார். அவர் 'இருக்கிறபடி இருக்கட்டும்' கட்சி. ஆக, அப்பா வந்து எதிராகக் கையைத் தூக்கினால் மகள் தோற்றாள்.

அவள் வார்டில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். லாரி வருகிற நாளில் பெண்கள் குடத்தோடு ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடிக்காத குறை. அந்தப் பக்கத்துச் சபையிடம் தண்ணீர் இருக்கிறது. சேர்ந்தால் ஒரே வருஷத்தில் குழாய் போட்டுத் தருகிறோம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

போன மாதக் கூட்டத்தில் அப்பா எழுந்தார். "இன்னிக்குத் தெருவிளக்கு எரியலேன்னா ஜனங்க என் சட்டையைப் பிடிச்சுக் கேக்கறாங்க. நாளைக்கு யார் சட்டையைப் பிடிப்பாங்க?"

"உங்க சட்டையைப் பிடிச்சு இருபத்தாறு வருஷமா என்னப்பா கிடைச்சுது?" என்று கேட்டுவிட்டாள் மகள்.

சபையே கொல்லென்று சிரித்தது. தலைவர் மேஜையைத் தட்டிக்கொண்டே சிரித்தார். அப்பா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு வந்த மற்றத் தீர்மானங்களுக்கு அவர் எழுந்திருக்கவே இல்லை. அடுத்த வாரம் படுத்துவிட்டார். வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாமே என்று அவள் இந்த மூன்று வாரமாகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொல்லவில்லை. காரில் போகும்போது சொல்லிவிடலாம், அங்கே அம்மா இருக்கமாட்டாள் என்று வைத்திருந்தாள்.

"நிமிருங்கப்பா, மேல் பொத்தான் எட்டலே."

அவர் நிமிரவில்லை. தலை மெதுவாக அவள் தோளில் வந்து இறங்கியது. தூக்கம்தான் என்று ஒரு கணம் நினைத்தாள். பன்னிரண்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள், அடுத்த கணமே விரல்களைக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டில். பிறகு மறுபடியும் கழுத்தில். அவரை மெதுவாகப் படுக்கவைத்து, அவர் கண்களை மூடிவிட்டாள்.

தம்ளரோடு வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுகை வந்தது. சத்தமில்லாத அழுகை.

"டாக்டருக்குச் சொல்லு. சபைக்கும் ஃபோன் பண்ணு. அவங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

மகள் ஃபோனைக் கையில் எடுத்தாள். சபை எழுத்தரின் எண்ணும் திரையில் வந்துவிட்டது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்து தொலைந்தது.

உறுப்பினர் ஒருவர் இறந்த செய்தி வந்தால் சபை எழுந்து நிற்கும், கூட்டத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கும். அது அப்பா கொண்டுவந்த வழக்கம். முன்பு ஒரு வயதான உறுப்பினர் செத்த அன்று, சாக்கடைத் தீர்மானத்துக்காகச் சபை கூடியபோது, 'மனுஷன் போயிருக்கான், உங்களுக்குச் சாக்கடை கேக்குதா?' என்று கத்தித் தீர்த்துவிட்டாராம். இன்று தள்ளிவைத்தால் மேலிடத்துக்குப் பதில் போகாது. குழாயும் வராது. செய்தி போகாவிட்டால் ஐந்துக்கு நாலு.

"அம்மா, நாலு மணிக்குச் சொல்லிக்கலாம்."

அம்மாவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டாயிரம் வீடும்மா."

"நான் ஒண்ணும் கேக்கலியே" என்றாள் அம்மா. "போ. கதவைச் சாத்திட்டுப் போ."

மண்டபத்துப் படியில் நாற்காலியோடு நின்ற இரண்டு ஆட்களிடம் வேண்டாம் என்று கையாட்டினாள். சாவிக்கடைக்காரர் ஓடிவந்தார். அவரும் ஓர் உறுப்பினர்; அப்பாவின் கட்சி, அவருடைய சீட்டாட்டக் கூட்டாளியும்கூட.

"எங்கேம்மா அவரு? வரேன்னு சொன்னாரே?"

"முடியலே மாமா. தூங்கறாரு."

அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது. சாவிக்கடைக்காரர் முகம் விழுந்துவிட்டது. "சரி, தூங்கட்டும். உடம்பைவிடவா ஓட்டு பெரிசு?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

ஓட்டெடுப்பு பத்து நிமிஷத்தில் முடிந்தது. சேர்வதற்கு ஐந்து கைகள், எதிராக நாலு. எழுத்தர் அந்த இடத்திலேயே மேலிடத்துக்குப் பதிலை அனுப்பினார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். ஏழாம் வார்டுப் பெண்கள் வெளியே ஜன்னலில் தொற்றிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்குப் போய் அப்பாவின் காலில் விழ வேண்டும் போல இருந்தது அவளுக்கு. அவள் எழுந்திருக்கப் பார்த்தபோது சாவிக்கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"தலைவரே, தோத்தோம், பரவாயில்லே. ஆனா நம்ம ஆட்சேபணை இருபத்தாறு வருஷத்துலே வராத முதல் கூட்டம் இது. அவரு சீக்கிரம் குணமாகி வரணும்னு ஒரு தீர்மானம் போடுவோம். இதுக்காவது யாரும் ஆட்சேபணை சொல்ல மாட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"நீயும் தூக்கும்மா" என்றார் தலைவர். "பொண்ணுன்னா தூக்கக் கூடாதா என்ன?"

அவள் தூக்கினாள்.

"ஒன்பது. ஏகமனதாக" என்று சொல்லிக்கொண்டே எழுத்தர் தட்டச்சு செய்தார். அச்சு இயந்திரம் இரண்டு தாள்களைத் துப்பியது. அவற்றை மடிக்காமல் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.

"ஒண்ணு அப்பாவுக்கு. இன்னொண்ணுலே 'பெற்றுக்கொண்டேன்'னு போட்டிருக்கு பாருங்க, அங்கே அவர்கிட்டக் கையெழுத்து வாங்கி, நாளைக்கு அனுப்பிடுங்க. அவசரமில்லே."

அவள் இரண்டு தாள்களையும் வாங்கிக்கொண்டாள்.