தேய்த்த வெல்டு

ஜெபாவுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை என்று ஆவடியில் அவளைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். டீ ஆறிப்போனாலும் வரும், கரண்ட் போனாலும் வரும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நூம்பல் மைதானத்தில் வந்தது அந்த ரகம் இல்லை. அதற்கு நியாயம் இருந்தது. முழு நியாயமும் இருந்ததா என்று கேட்டால், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஜெபா வெல்டர். அவளுடைய கூட்டாளி டில்லிபாபு இன்ஜினும் பெயிண்டும் பார்ப்பவன். பூந்தமல்லி போகிற ரோட்டோரம் இருவருக்கும் சேர்த்து ஒரு தகர ஷெட். அங்கே அவர்கள் பழைய மோட்டோகிராஸ் வண்டிகளுக்கு உயிர் கொடுக்கிறார்கள். மண் மேட்டில் ஏறிக் குதிப்பதற்கென்றே செய்த வண்டிகள் அவை. லைட் கிடையாது, ஹாரன் கிடையாது, சாவிகூடக் கிடையாது. உதைத்தால் ஓடும், அவ்வளவுதான். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவை. அவற்றுக்குப் பார்ட்ஸ் கேட்டுப் போனால் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். அதனால் இல்லாததை எல்லாம் கையால்தான் செய்ய வேண்டும்.

இந்த வண்டி சரவணக்குமாருடையது. வேலப்பன்சாவடியில் ஃப்ளாட், ஐடி வேலை, நல்ல மனுஷன். திருமழிசைப் பக்கம் ஒரு காயலான் கடையில் துருப்பிடித்துக் கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். இன்ஜின் பிழைத்துக்கொண்டது. ஸ்விங் ஆர்ம்தான் கைவைத்தால் உதிர்ந்தது. பின் சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கிற இரட்டைக் கால் அது. வண்டி மேட்டிலிருந்து இறங்கும்போது விழுகிற அடி முழுக்க அந்தக் கால்களில்தான் விழும்.

அதை ஜெபா புதிதாகச் செய்தாள். பைப்பின் முனையை வெட்டி, ராவி, வைத்துப் பார்த்து, திருப்தி வராமல் மறுபடி ராவி, ஒன்றோடொன்று இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்த பிறகுதான் வெல்டிங் டார்ச்சைக் கையில் எடுத்தாள். வெல்டு சடை பின்னினாற்போல வரிவரியாக விழுந்தது. அவள் வாயிலிருந்து தன் வேலையைப் பற்றிப் பாராட்டு வருவது அபூர்வம். அன்றைக்கு, பரவாயில்லை என்று அவளே சொல்லிக்கொண்டாள். பிறகு பெயிண்டு அடிக்க டில்லியிடம் கொடுத்துவிட்டு, சித்தி மகள் நிச்சயதார்த்தத்துக்கு அரக்கோணம் போனாள்.

போயிருக்கக் கூடாது.

ஞாயிறு காலை அவள் மைதானத்துக்கு வந்தபோது வண்டி ஏற்கெனவே குட்டியானை வேனிலிருந்து இறங்கியிருந்தது. ப்ளாட் போட்டு விற்கக் காத்திருக்கும் காலி மனை அது. ஜேசிபியை விட்டு மேடுகள் குவித்திருந்தார்கள். இந்த மாதிரிப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர், வேடிக்கை பார்க்க அதைவிட அதிகம் பேர். சரவணக்குமார் மனைவி ரேகாவையும் கூட்டி வந்திருந்தார். ஓட்டப்போவது ஜெபாவின் தம்பி விஷால். இத்தனை நாள் ரோட்டு வண்டிக்கு முள்ளு டயர் மாட்டிக் குதித்துக்கொண்டிருந்தவன். நிஜமான மோட்டோகிராஸ் வண்டியில் உட்காருவது இதுதான் முதல் தடவை. இன்ஜின் பிரித்த நாளிலிருந்து ஷெட்டையே சுற்றிச் சுற்றி வந்து, நான்தான் முதலில் ஓட்டுவேன் என்று அக்காவிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தான்.

ஜெபாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவள் கைபட்ட வண்டி எதுவாக இருந்தாலும், முதல் ஓட்டத்துக்கு முன்னால் கையுறையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு வெல்டின் மேலும் கட்டைவிரலை ஓட்டுவாள். கண்ணுக்குத் தப்பும் விரிசல் விரலுக்குத் தப்பாது என்பது அவள் கட்சி. டில்லி அதைக் கிண்டல் செய்வான். விஷால் மட்டும் அவள் முடித்து எழுந்திருக்கும்வரை வண்டியைத் தொட மாட்டான்.

அன்றைக்கும் மண்டி போட்டு உட்கார்ந்து விரலை ஓட்டினாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது. வரி எதுவும் தட்டுப்படவில்லை. மறுபடி ஓட்டினாள். இடது கால், வலது கால், நடுவில் குறுக்குப் பைப் சேருமிடம், எல்லாம் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தன. நகத்தால் சுரண்டினாள். சிவப்பு பெயிண்டு உரிந்தது, அதன் கீழே சாம்பல் நிறத்தில் பட்டிப் பூச்சு உதிர்ந்தது, பட்டிக்குக் கீழே பளபளவென்று தேய்த்த இரும்பு தெரிந்தது.

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. டில்லியைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"வெல்டத் தேய்ச்சியா?"

"லேசா. பெயிண்டு உக்காரல ஜெபா. வரி வரியா எயும்பி நின்னுச்சு, பாக்கவே நல்லால்ல. அதான் கிரைண்டர வச்சு ஒரு இழுப்பு இஸ்த்துட்டு பட்டி பார்த்தேன்."

இதை அவன் ஒளிக்கவில்லை, பெருமையாகவே சொன்னான். அதுதான் அவளை இன்னும் எரித்தது. டில்லி ஒன்றும் தெரியாதவன் இல்லை. இரண்டு பைப் சேரும் மூலையில் போட்ட வெல்டைத் தேய்த்தால் பிடிப்பே போய்விடும் என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் பெயிண்டு துப்பாக்கி கையில் ஏறிவிட்டால் அவன் வேறு ஆள். கண்ணாடி மாதிரி வரவேண்டும், தன் முகம் அதில் தெரியவேண்டும், மற்றது எல்லாம் அப்புறம். அந்தக் கண்ணாடிக்காக அவள் தம்பியின் முதுகெலும்பைப் பணயம் வைத்திருக்கிறான்.

வண்டி ஓடக்கூடாது என்று ஜெபா சொன்னாள். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு சமாதானம் சொன்னார்கள். சரவணக்குமார் ஒரே ஒரு ரவுண்டு போகட்டுமே, ரேகா வீடியோ எடுத்துக்கொள்ளட்டும், பிறகு கழற்றிச் சரி செய்துகொள்ளலாம் என்று தன்மையாகக் கேட்டார். மேட்டில் ஏறாமல் சமதரையில் மட்டும் ஓட்டச் சொல்கிறேன் என்றான் டில்லி. விஷாலும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தலையாட்டினான், குதிக்க மாட்டானாம். மூன்றாவது படிக்கும்போது அவர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் மதில் மேல் ஏறி நின்றுகொண்டு இதையேதான் சொன்னான். அன்றைக்கு அவன் கையில் போட்ட மாவுக்கட்டை ஜெபா மறந்துவிடவில்லை.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே விஷால் வண்டியில் ஏறி உட்கார்ந்து கிக்கரை உதைத்தான். இன்ஜின் படபடவென்று பிடித்துக்கொண்டது. கூட்டம் விசில் அடித்தது. வேறு வண்டியாக இருந்தால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடலாம். இதில் பிடுங்க என்ன இருக்கிறது?

ஜெபா கை நீட்டி பெட்ரோல் குழாயை மூடினாள். தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து இறக்கினாள். கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோலும் தீர்ந்து இன்ஜின் இருமி அணைந்தது. வண்டியை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு, டூல்ஸ் பெட்டியிலிருந்து பேட்டரி கிரைண்டரை எடுத்தாள். வெட்டுகிற வீல் அதில் மாட்டியே இருந்தது. என்ன செய்யப்போகிறாள் என்று டில்லிக்குத்தான் முதலில் புரிந்தது. அவன் ஓடி வருவதற்குள் தீப்பொறி பறந்தது. தான் செய்த ஸ்விங் ஆர்மின் இடது காலை அவள் வெல்டை ஒட்டி அறுத்துப் போட்டாள். பின் சக்கரம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

சரவணக்குமார் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். டில்லி குனிந்து வெட்டின இடத்தைப் பார்த்தான். வெல்டு உள்ளே வரைக்கும் ஓட்டை உடைசல் இல்லாமல் இறங்கியிருந்தது.

"தாங்கியிருக்கும் ஜெபா," என்றான். "நீயே பாரு. நிச்சயமா தாங்கியிருக்கும்."

"தாங்கியிருக்கும்டா. இன்னிக்கு ஒரு நாளு தாங்கியிருக்கும். தாங்கிடுச்சின்னா அட்த்த வண்டிக்கும் தேய்ப்பே. அதாண்டா எனக்கு ஆத்திரம்."

டில்லி தலை குனிந்துகொண்டான். அவனுக்கு உறைத்திருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அப்போதுதான் விஷால் ஹெல்மெட்டைக் கழற்றினான். முகமெல்லாம் வியர்வை, கண் சிவந்திருந்தது.

"யக்கா, ஒண்ணு கேக்கறேன். நீ இத்த அறுத்தது எனக்கோசரமா, உன் வெல்டுக்கோசரமா?"

"ரெண்டுக்குந்தான்."

"எது மொதல்ல?"

உனக்காகத்தான்டா என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஜெபாவின் வாய் பொய்க்குப் பழகாத வாய், அந்தப் பொய் நேரத்துக்கு வரவில்லை. விரல் வழுக்கியபோது மனசில் முதலில் வந்தது, என் வெல்டில் எவன் கை வைத்தது என்பதுதான். தம்பியின் முதுகெலும்பு அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு நொடிதான் பின்னால். ஆனாலும் பின்னால்தான். டில்லிக்கு அந்தக் கண்ணாடி என்றால் அவளுக்கு இந்த வெல்டுச் சடை. அது புரிந்தபோது அவளுக்குத் தன் மேலேயே வந்த கோபம், டில்லி மேல் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

அவள் சும்மா நின்றதிலேயே விஷால் பதிலைத் தெரிந்துகொண்டான். போய் ஹேண்டில்பாரைப் பிடித்தான். சக்கரம் கோணியிருந்ததால் வண்டி உருளவில்லை. யாராவது பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தால்தான் குட்டியானைவரை கொண்டுபோக முடியும். ஜெபா கிரைண்டரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு குனிந்தாள்.

"நீ உடு," என்றான் விஷால், அவளைப் பார்க்காமல். "டில்லிண்ணா, நீ வந்து புடி."

டில்லி ஒரு தடவை ஜெபாவைப் பார்த்தான். பிறகு வந்து பிடித்தான். இருவரும் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கிரைண்டர் இன்னும் சூடாக இருந்தது. அவள் அதைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.