மரப்பட்டைச் சாம்பலுக்கு இட்ட பெயர்

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினொன்றாம் நாள் வெளியான ஆய்விதழ் ஒன்றில், என் தங்கை பிரித்தறிந்த உயிருக்கு, அவளை ஏளனம் செய்தவரின் பெயர் சூட்டப்பட்டது. என் முறையீடு இதுவே.

மரப்பட்டையிலும் பாறையிலும் சாம்பல் பூசினாற்போலப் படரும் லைக்கனைப் பார்த்திருப்பீர்கள். பூஞ்சையும் பாசியும் கூடிக் குடித்தனம் நடத்தும் உயிர் அது; அறிவியற்பெயர் மட்டும் பூஞ்சைக்கே உரியது. தாவரக் காப்பகத்தில் பணிபுரிந்த என் தங்கை, மரத்தில் இருப்பதும் பாறையில் இருப்பதும் வெவ்வேறு இனங்கள் என்றாள்.

"தண்ணி தெளிச்சுப் பாருண்ணா. மரத்துல இருக்கறது பச்சையாயிடும். கல்லுல இருக்கறது அப்படியே உம்முனு இருக்கும், உன்னை மாதிரி."

அவளுடைய துறைத்தலைவர் ஏற்கவில்லை. "நனைஞ்சா என் சட்டைகூடத்தான் நிறம் மாறுது. அதையும் ரெண்டு இனம்னு எழுதுவியாம்மா?" என்று அனைவர் முன்னிலையிலும் சிரித்தார். அவள் கட்டுரையை வெளியிட அவர் ஒப்பவேயில்லை. அவளும் நோயுற்று மறைந்தாள். நாங்கள் இருவர் மட்டுமே வாழ்ந்த வீட்டில் நான் எஞ்சினேன்.

2022ஆம் ஆண்டு அத்தலைவரின் மாணவி வந்தார். தங்கை சேகரித்து வீட்டில் வைத்திருந்த காகிதப் பொட்டலங்களிலிருந்து, டி.என்.ஏ. சோதனைக்காக, நகக்கண் அளவு சுரண்டிக்கொள்ள அனுமதி கேட்டார். மகிழ்ந்து கொடுத்தேன். நெடுநாளைக்குப் பின் அன்று இரண்டு கோப்பைகளைக் கழுவினேன்.

சோதனை என் தங்கையின் பக்கமே நின்றது. மரத்துப் பூஞ்சையும் பாறைப் பூஞ்சையும் நெருங்கிய உறவுகூட இல்லையாம். ஆனால் மரத்துப் பூஞ்சைக்கு இட்ட புதுப்பெயரில் தலைவர் வீற்றிருந்தார். என் தங்கையோ, 'மாதிரிகள்: தனியார் சேகரிப்பு' என்னும் அடிக்குறிப்பாகச் சுருங்கியிருந்தாள்.

மாணவியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"இதை முதல்ல சொன்னது என் தங்கச்சிம்மா."

"எனக்குத் தெரியாது சார். அவங்க எங்கயும் எழுதலையே?"

"எழுதினா. உங்க தலைவர்தான் வெளியிட விடல."

"ஐயோ... சார், இப்ப ஒண்ணும் பண்ண முடியாது. முறைப்படி வெளிவந்த பேரை மாத்த விதியில்ல. எழுத்துப்பிழை இருந்தா மட்டும் திருத்தலாம்."

வாழ்நாளெல்லாம் எழுத்துப்பிழை திருத்தியவன் நான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஒரு பிழையும் இல்லை.

இப்போதெல்லாம் மாலையில், வாசல் மரத்தின் மேல் ஒரு கை தண்ணீர் தெளிக்கிறேன். சாம்பல் மெல்லப் பச்சையாகிறது. "ஆயிடுச்சும்மா, பச்சையாயிடுச்சு" என்கிறேன். என்னை உம்மணாமூஞ்சி என்று சொல்ல ஆளில்லாத வீட்டிற்குள் திரும்பிவருகிறேன்.

விதிகள் அறிவியற்பெயரைத்தான் கட்டுப்படுத்தும். மக்கள் வாயில் வழங்கும் பெயரைக் கட்டுப்படுத்தா. இதை அந்த மாணவியிடமே கேட்டு உறுதிசெய்துகொண்டேன். ஆகவே, வாசகரே, உங்கள் தெருவில் சாம்பல் படர்ந்த மரம் இருப்பின் தண்ணீர் தெளியுங்கள். அது பச்சையானால் அதனைத் 'தங்கச்சி' என்று கூப்பிடுங்கள். நாலு பேர் காதில் விழும்படி கூப்பிடுங்கள்.