கழுதைமுதுகு மேட்டில் லைலின் மீசை

மினசோட்டாவின் சமவெளியில் பனிவண்டி ஓட்டுவதில் லைலை முந்த ஆளில்லை. அந்தத் திமிரையும் வண்டியோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு, மொன்டானா மலையிலிருக்கும் மச்சினி ட்வைலாவின் வீட்டுக்கு வந்திருந்தார். வந்த உடனே பந்தயம். கழுதைமுதுகு மேட்டின் உச்சியை யார் தொடுகிறாரோ அவருக்கே வெற்றி. ட்வைலா தோற்றால் இந்தக் குளிர்காலம் முழுக்க லைலுக்குப் பின்னால்தான் ஓட்ட வேண்டும். லைல் தோற்றால் மீசையை எடுக்க வேண்டும். கல்யாணத்துக்கே எடுக்க மறுத்த மீசை அது!

"இந்த உசரத்துல காத்து கம்மி அத்தான், இன்ஜின் திணறும். கிளட்ச்சுக்குள்ள இருக்கிற வெயிட்டைக் கழட்டிட்டு லேசானதா போட்டாத்தான் வண்டி ஏறும், என் வண்டியில அப்படித்தான் போட்டிருக்கேன். கடையில வாங்கிட்டு வரட்டுமா?"

"எனக்கே பாடமா? ஓட்டிக் காட்டுறேன், அப்புறம் பேசு."

சொல்லிவிட்டாரே ஒழிய, சாயங்காலம் தெருமுனை ஏற்றத்திலேயே வண்டி மூச்சு வாங்கியது. வெயிட்டை மாற்றாமல் முடியாது என்று லைலுக்கே புரிந்துவிட்டது. கடைக்குப் போனால் ஊரே சிரிக்கும்.

மறுநாள் காலையில் லைலின் மனைவியும் தங்கை ட்வைலாவும் அடுப்படியில் பான்கேக் சுட்டுக்கொண்டிருக்க, மனிதர் பூனைபோல் ஷெட்டுக்குள் நுழைந்தார். இரண்டும் ஒரே மாடல் வண்டிகள். ட்வைலாவின் கிளட்ச் வெயிட்டுகளைக் கழற்றித் தன் வண்டியில் போட்டார். தன்னுடையதை அவள் வண்டியில் மாட்டினார். ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருக்கும்தான். அதைப் படிக்க யாருக்குப் பொறுமை? காது முழுக்கக் கதவுப் பக்கமே இருந்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாத பிள்ளையாக வந்து பான்கேக்குகளை உள்ளே தள்ளினார்.

"பெரியவங்க, முதல்ல நீங்க போங்க அத்தான்" என்றாள் ட்வைலா, மேட்டடியில் நின்றுகொண்டு.

லைல் வண்டியைக் கிளப்பி விரட்டினார். பாதி மேடுகூடத் தாண்டவில்லை. இன்ஜின் முக்கியது, முனகியது, வண்டி பனிக்குள் குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அவரைத் தாண்டி விர்ரென்று உச்சிக்குப் போய்க் கையாட்டினாள் ட்வைலா. ஐயோ, இதெப்படி? கனமான வெயிட்டை வைத்துக்கொண்டா ஏறினாள்?

அவசரமாகக் கிளட்ச் மூடியைத் திறந்து குனிந்தார். பொறித்திருந்த எண் அவருக்கு நன்றாகவே தெரிந்த எண். மினசோட்டாவில் அவர் கையாலேயே மாட்டிய அதே வெயிட்! அப்படியானால் அவர் கைவைப்பதற்கு முன்பே ஒருத்தி கைவைத்திருக்கிறாள். அடிப்பாவி! கத்த வாயெடுத்தவர் அப்படியே விழுங்கிக்கொண்டார். கேட்டால் தன் திருட்டும் சேர்ந்தல்லவா வெளியே வரும்?

ட்வைலா இறங்கி வந்து பக்கத்தில் நிறுத்தினாள்.

"என்ன அத்தான், மூடியைத் திறந்து வெச்சுட்டு யோசனை?"

"ஒண்ணுமில்ல... பெல்ட் சூடாயிடுச்சான்னு பார்த்தேன்."

"விருந்தாளியாச்சே, மனசு கேக்கல. நேத்து ராத்திரியே என் லேசு வெயிட்டை உங்க வண்டியில போட்டுட்டு, உங்களதை நான் மாட்டிக்கிட்டேன்" என்றாள், குரலில் தேன் ஒழுக. "நீங்க மட்டும் கையைச் சும்மா வெச்சிருந்தா, இந்நேரம் உச்சியில நின்னு மீசையை முறுக்கிட்டிருப்பீங்க."