நடுவுள்ளவரை முறையாக அழைக்கவில்லை

குருவம்மா சாப்பிடுகிற மாத்திரை மூன்று ஆட்கள். அரசு ஆஸ்பத்திரியில் கூட்டு மருந்து கொடுக்கிற பிரிவிலிருந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து வருஷக் கணக்காகிவிட்டது. பகலெல்லாம் வீட்டு முன்னறையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். ஃபேனைக் கூட்டு, குறை என்று தங்களுக்குள் மல்லுக்கட்டுவார்கள். ராத்திரி எட்டு மணி ஆனதும் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு வாய்த் தண்ணீரோடு மூன்று பேரும் சேர்ந்து அவளுக்குள் இறங்குவார்கள். விடிந்ததும் வெளியே வந்து காபி கேட்பார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு வைத்திருந்த பேர்கள் ரயில் மாதிரி நீளம். குருவம்மாவின் நாக்கு அத்தனை பெட்டி இழுக்காது. மூத்தவர், நடுவுள்ளவர், சின்னவர் என்று வைத்துக்கொண்டாள்.

குருவம்மாவுக்குள்ளே எச்.ஐ.வி. குடியிருந்தான். அவன் காலி பண்ணுகிற ஆள் இல்லை. ஒரு நாற்காலி, ஒரு ஜெராக்ஸ் மெஷின், அவ்வளவுதான் அவன் சாமான். தன்னைத்தானே நகல் எடுத்துக்கொண்டே இருப்பான். மூத்தவரும் நடுவுள்ளவரும் உள்ளே போய்க் காகிதத் தட்டில் கள்ளக் காகிதத்தைச் செருகிவிடுவார்கள். நகல் பாதியில் நின்றுபோகும். தப்பித்தவறி முழுசாக வந்த நகல் எதுவும் வேறு அறையில் போய்க் குடியேறிவிடாதபடி, சின்னவர் நிலைப்படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். மூன்று பேரும் இருக்கிறவரைக்கும் அவன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துக் கிடப்பான். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "தேடிப் பாத்தோம்மா, ஆளு கண்ணுல படலை" என்பார்கள்.

ஒருத்தரோ இரண்டு பேரோ தனியாகப் போனால்தான் வம்பு. அவன் எழுந்து உட்கார்ந்து, வந்தவர் முகத்தை உற்றுப் பார்த்துப் படித்துவிடுவான். படித்த முகத்துக்கு அப்புறம் அவன் பயப்படுவதில்லை. அதிலும் நடுவுள்ளவருடையது ஒரே பார்வையில் மனசில் பதிகிற முகம். குருவம்மாவின் வீட்டுக்காரர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார். உடம்பு தேறினதும், "பாவம், இவுகளும் மனுசங்கதானே, கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்று தன்னுடைய ஆட்களை ஊருக்கு அனுப்பினார். திரும்பி வந்ததும் ஆளுக்கு ஒரு நாளாக உள்ளே விட்டார். அவருக்குள்ளே இருந்தவன் எல்லார் முகத்தையும் படித்து முடித்தான்.

குருவம்மா கோவில்பட்டியில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவள். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் அண்டா, குண்டா, தேக்சா அனுப்பியவளுக்கு இப்போது சொந்த மகள் கல்யாணம். மகள் மாரிச்செல்வி. மாப்பிள்ளை சாத்தூர். முதல் நாள் சாயங்காலமே மண்டபம் நிறைந்துவிட்டது. மூன்று பேரும் பாத்திர வேனில் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு வந்து இறங்கியிருந்தார்கள். மண்டபத்தில் கால் வைத்த நேரம்தான் சரியில்லை.

சமையல்காரர் சங்கிலி கரண்டியும் கையுமாக வந்து நின்றார்.

"யக்கா, சாம்பாருக்குப் பெரிய அண்டா வேணும்."

"வேன்ல நாலு இறக்கியிருக்கே, எடுத்துக்கிட வேண்டியதுதானே."

"மூணு எடுத்தாச்சு. நாலாவதுக்குள்ள உங்க ஆளு உக்காந்திருக்காரு. எந்திரிங்க சாமின்னா மூஞ்சியத் திருப்புதாரு. நான் பருப்ப எங்க கொட்டட்டும், அவரு தலையிலயா?"

குருவம்மா பின்கட்டுக்குப் போனாள். அண்டாவுக்குள் நடுவுள்ளவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை. மூத்தவர் ஒரு பக்கமும் சின்னவர் ஒரு பக்கமும் அண்டாவின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னய்யா இது? மணி ஏழாகுது. எந்திரிங்க."

"நான் வரலை."

"எங்க வரலை?"

"உள்ள வரலை. விடிஞ்சதும் பஸ் ஏறிருவேன். எனக்கு ஆஸ்பத்திரி அலமாரி இருக்கு."

குருவம்மா தலையில் கை வைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியாகிவிட்டது. பூக்காரி இன்னும் வரவில்லை. ஜெனரேட்டர்காரன் போனை எடுக்கவில்லை. இந்த மனுஷன் அண்டாவுக்குள் உட்கார்ந்து அடம் பிடிக்கிறார்.

"என்ன குறையாம் அவருக்கு?" என்று மூத்தவரைக் கேட்டாள்.

மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பத்திரிகை வச்ச அன்னைக்கு நீ தட்டை என் கையில குடுத்து, 'அண்ணாச்சி, நீங்க வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்'னு சொன்ன. சின்னவன் பக்கத்துல இருந்தான். 'தம்பி, ஒனக்கும் சேத்துத்தான்'னு சொன்ன. இவன் அந்நேரம் குளிச்சிட்டிருந்தான்."

"ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒரு பத்திரிகை வச்சா எல்லாருக்கும் வச்ச மாதிரிதானே! ஊரு ஒலகத்துல இல்லாத வழக்கமா?"

"அடுப்பு ஒண்ணு. ஆளு மூணு" என்று அண்டாவுக்குள்ளிருந்து குரல் வந்தது. வெண்கலத்தில் மோதி இரண்டு தடவை கேட்டது.

குருவம்மாவின் கூடப் பிறந்த தம்பி சீனி வாயில் வெற்றிலையோடு வந்தான். தாய்மாமன் என்பதால் காலையிலிருந்தே பட்டுத்துண்டு போட்டுக்கொண்டு நடக்கிறான்.

"என்னக்கா, இதுக்குப் போயி இவ்வளவு பாடா? மத்த ரெண்டு பேரும் இன்னைக்கு இறங்கட்டும். இவரு கோவம் ஆறினதும் நாளைக்கு இறங்கிக்கிடுவாரு. கல்யாண வீட்டுல எல்லாம் சரிக்கட்டித்தான் போகணும்."

"ஒங்க மச்சான் சரிக்கட்டித்தாம்ல போனாரு" என்றாள் குருவம்மா.

சீனி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மூத்தவரோடு சேர்ந்து அண்டாவின் காதைப் பிடித்துக்கொண்டான்.

நடுவுள்ளவர் நிஜமாகவே பஸ் ஏறிவிட்டால் மற்ற இரண்டு பேரையும் உள்ளே விட முடியாது. யாருமே போகாவிட்டால் உள்ளே இருக்கிறவன் போர்வையை உதறிவிட்டு மெஷினைத் துடைப்பான். நாளைக்கு மணவறையில் மகளுக்குப் பக்கத்தில் நிற்கும்போது வயிற்றுக்குள் அது ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிற்க வேண்டும். அது கூடப் பரவாயில்லை. பேரன் பேத்தியைத் தூக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். அதற்கு இன்னும் பல வருஷம் இந்த மூன்று பேரும் தினமும் செருப்பைக் கழற்ற வேண்டும்.

இந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா தங்கபுஷ்பம் பின்கட்டுக்கு வந்தாள். நல்ல மனுஷி. பெண் பார்க்க வந்த அன்றைக்கே பெஞ்சில் இருந்த மூன்று பேரையும் பார்த்துவிட்டு, "தெனமும் சேந்துதான் போறாகளா மதினி?" என்று கேட்டாள். "சேந்துதான்" என்றதும், "அப்பச் சரி" என்று கேசரியை எடுத்துச் சாப்பிட்டவள். இப்போது அவள் பின்னால் சிவப்புச் சட்டை போட்ட தடித்த ஆள் ஒருத்தர் வந்துகொண்டிருந்தார்.

"மதினி, காலையில இருந்து நிக்கிறீக, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு. எங்க வீட்டு இரும்புச்சத்து மாத்திரை. ஒருவாட்டி உள்ள போயிட்டு வரட்டும்."

குருவம்மா வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள், சின்னவர் அண்டாவின் காதை விட்டுவிட்டார். அவருக்கு எல்லாம் நல்ல குணம். உழைப்பாளி. அவர் வந்த பிறகுதான் குருவம்மாவுக்கு உடம்பு பூசி ரவிக்கைகூடப் பத்தாமல் போயிற்று. ஆனால் இரும்புச்சத்தைக் கண்டாலும் சுண்ணாம்புச்சத்தைக் கண்டாலும், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற மருந்தைக் கண்டாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. தோளில் கை போட்டுவிடுவார். போட்டால் எடுக்க மாட்டார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே வயிற்றைத் தாண்டி நடந்து, வந்த வேலையை மறந்து அப்படியே வெளியே போய்விடுவார்கள். இப்போதும் சிவப்புச் சட்டையின் தோளில் கை விழுந்துவிட்டது. "எந்த ஊரு அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு பேரும் டீக்கடைப் பக்கம் திரும்பினார்கள்.

"ஏலே தம்பி! நில்லு! கையை எடு!"

குருவம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். இடையில் புகுந்து இரண்டு பேரையும் பிரித்தாள்.

"மதினி, தப்பா நினைக்காதீக. இவரு வந்தா காலையில சாப்பாட்டோட வரட்டும், அதுவும் ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேட்டுட்டு. ராத்திரி எங்க ஆளுக. ரெண்டையும் ஒரே நேரத்துல சந்திக்க விட்டா எனக்கு ரெண்டும் இல்லாமப் போயிரும்."

"அய்யய்யோ, எனக்குத் தெரியாது மதினி" என்று தங்கபுஷ்பம் சிவப்புச் சட்டைக்காரரை மாப்பிள்ளை அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். சின்னவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். குருவம்மா அவர் கையைப் பிடித்து மூத்தவர் கையில் கொடுத்து, "விட்டுறாதீக அண்ணாச்சி" என்றாள். மூத்தவர் தலையாட்டினார். அவர் நிதானமான ஆள். போகிற வழியில் சிறுநீரகத்தில் கொஞ்சம் கை வைத்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் உண்டு. அதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் அவ்வப்போது அவளைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

சங்கிலி மறுபடியும் வந்தார். "யக்கா, பருப்பு வெந்து குழைஞ்சிட்டு."

"வாளியில கொட்டும்! தொட்டியில கொட்டும்! எங்கயாவது கொட்டும்!"

மாரிச்செல்வி பாதி அலங்காரத்தோடு எட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் மட்டும் ஜிமிக்கி. "எம்மா, மணி எட்டாகப் போகுது. நீ போட்டுட்டியா இல்லையா?"

"எங்கடி போட? அண்டாவை விட்டு எந்திரிக்க மாட்டேங்காரே!"

"முறையாக் கூப்பிட்டா என்ன கொறஞ்சா போயிருவ?" என்று சொல்லிவிட்டு, மாரிச்செல்வி தாம்பூலத் தட்டை எடுத்து வந்து அம்மாவின் கையில் திணித்தாள். வெற்றிலை, பாக்கு, குங்குமம், மேலே ஒரு பத்திரிகை.

குருவம்மா தட்டோடு அண்டாவின் முன்னால் நின்றாள். பத்திரிகை வைத்து அழைக்க வேண்டுமென்றால் முறை சொல்லி அழைக்க வேண்டும். மூத்தவரை அண்ணாச்சி என்பாள். சின்னவரைத் தம்பி என்பாள். இவரை இத்தனை வருஷமாக "இந்தாங்க", "இங்க பாருங்க", "ஒங்களத்தான்" என்றே கூப்பிட்டு ஓட்டியிருக்கிறாள். அவர் சத்தம் போடாதவர், எதையும் கேட்காதவர். வயிற்றுக்குள் இறங்கினால் இறங்கியதுகூடத் தெரியாது. அதனால் முறை வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

நடுவுள்ளவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று மெதுவாகக் கேட்டார். "அதச் சொல்லிட்டுக் கூப்பிடுங்க."

மூத்தவர் சின்னவரின் கையை இறுக்கிக்கொண்டார். சீனி பட்டுத்துண்டைச் சரிசெய்துகொண்டான்.

வீட்டுக்காரர் போன பிறகு அந்த வீட்டில் ஆண் செருப்பு என்று கிடந்தது இவர்களுடையதுதான். மாரிச்செல்வி பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அன்றைக்கு அம்மா நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள் என்றால், அதற்கு முந்தின ராத்திரி இவர் கள்ளக் காகிதம் செருகியிருந்தார். அதையெல்லாம் அவள் சொல்லவில்லை. கோபமாகத்தான் சொன்னாள்.

"சின்னண்ணே! ஒங்க மருமவ கல்யாணம்! தாய்மாமன் அண்டாவுக்குள்ள உக்காந்திருந்தா மாலையை யாரு எடுத்துக் குடுப்பா? எந்திரிச்சு வாங்க!"

"அப்ப நான் யாரு?" என்றான் சீனி.

"நீயுந்தாம்ல. மாமன் நாலு பேரு இருந்தா ஒனக்கு என்ன, பந்தியில எலை இல்லாமப் போயிருமா?"

நடுவுள்ளவர் எழுந்து அண்டாவை விட்டு வெளியே வந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த புளியைத் தட்டிவிட்டார். இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பத்திரிகையைப் பிரித்து, முதலிலிருந்து கடைசி வரைக்கும், அச்சாபீஸ் பேர் உள்பட, நிதானமாகப் படித்தார். குருவம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா அடிச்சிருக்காக" என்றார்.

சங்கிலி அண்டாவை உருட்டிக்கொண்டு ஓடினார்.

மூன்று பேரும் வரிசையாக வந்து செருப்பைக் கழற்றினார்கள். மாரிச்செல்வி சொம்பை நீட்டினாள். முதலில் போகச் சொல்லி மூத்தவர் நடுவுள்ளவருக்குக் கை காட்டினார். நடுவுள்ளவர் சின்னவருக்குக் காட்டினார். சின்னவர் மாப்பிள்ளை அறைக் கதவை ஒரு பார்வை பார்த்தார். "சேந்து போங்கய்யா!" என்று குருவம்மா போட்ட சத்தத்தில் சேர்ந்தே போனார்கள். தண்ணீர் இறங்கியது. வயிற்றுக்குள் நாற்காலி ஒன்று பின்னால் நகர்கிற சத்தமும், போர்வையை இழுத்து மூடுகிற சத்தமும் கேட்டன. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அப்பாடா என்று குருவம்மா கவிழ்த்துப் போட்ட தேக்சாவின் மேல் உட்கார்ந்தாள். முழுசாக உட்காருவதற்குள் தங்கபுஷ்பம் வேகமாக வந்தாள்.

"மதினி, ஒங்க ஆளுக போயிட்டாகளா?"

"போயிட்டாக. இப்ப என்ன?"

"எங்க பக்கம் ஒருத்தர் கோவிச்சுக்கிட்டாரு."

"யாரு?"

"நாளைக்கு வரவேண்டிய முகூர்த்த நேரம்தான். பத்திரிகையில பேரு மட்டும் போட்டுட்டாகளாம், நேர்ல வந்து ஒருத்தரும் கூப்பிடலையாம். பஸ் ஸ்டாண்டுல பெட்டியோட உக்காந்திருக்காரு. தென்காசியில வேற ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்காகளாம், கடைசி வண்டிக்குப் போயிருவேங்காரு."

குருவம்மா எழுந்தாள். நடுவுள்ளவர் வைத்துவிட்டுப் போன தட்டை எடுத்தாள்; வெற்றிலை வாடியிருந்தது. அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டாள்.

"ஆட்டோ கூப்பிடவா யக்கா?" என்றான் சீனி.

"ஒன்றரை மணி நேரம்லே அவரு. ஆட்டோவுல எப்படிக் கொள்ளும்?" என்றாள் குருவம்மா. "பாத்திர வேனை எடு."