பிடி நெல்

அந்தக் காலத்தில் குடவாசல் பக்கம் அறுவடைக் கூலி அளந்ததும், வீட்டுக்கு ஒரு பிடி நெல் தெருவின் பொதுப் பானைக்குப் போகும். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் அதுதான் வைத்தியச் செலவு. கூலிப் போராட்டத்தில் பண்ணையார் வண்டி தர மறுத்த வருஷம், தங்கம்மாளின் புருஷனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு தெருவே திருவாரூர் ஆஸ்பத்திரிக்கு ஓடியது.

இப்போது தனியார் ஆஸ்பத்திரியில் அரசாங்கக் காப்பீட்டு அட்டையிலேயே தங்கம்மாளுக்கு இதய ஆபரேஷன் முடிந்துவிட்டது. கூட ஓடிவரத்தான் யாருமில்லை. அந்தக் காலடிச் சத்தத்தை நினைத்துக்கொண்டே படுத்திருந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் அதே பண்ணையாரின் மகள் சௌந்தரநாயகி புலம்பினாள். "வருஷா வருஷம் பிரீமியம் கட்டினேன். பழைய வியாதி, தர முடியாதுன்னு கம்பெனிக்காரன் கைவிரிச்சுட்டான்."

"எங்க பானை பழசு புதுசுன்னு பாத்ததில்லிங்க," என்றாள் தங்கம்மாள். "உங்க வீட்டுலேர்ந்துதான் ஒரு பிடி நெல்லும் வந்ததில்ல."